"தமிழில் இல்லை" என்பார்க்கு

(திருப்பூரில் ஆசிரியரும் ஆலைத் தொழிலாளரும் மாணாக்கரும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

"ஐயா, இணையத்தில் தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை, ஆங்கிலத்தில் தேடினால் கொட்டுகிறது." இச்சொல்லை நான் நாள்தோறும் கேட்கிறேன். மாணாக்கர் சொல்கின்றனர், பெற்றோர் சொல்கின்றனர், நாணத்தை விட்டுச் சொல்வதாயின், தமிழாசிரியர் சிலரும் சொல்கின்றனர். சொன்ன கையோடு கைப்பேசியின் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கின்றனர். பதின்மூன்று அகவைப் பிள்ளை ஒருமுறை அவ்வாறு மாற்றிக்கொண்டால் மீண்டும் தமிழுக்குத் திரும்புவது அரிது. தமிழில் அறிவுச்செல்வம் இல்லை என்னும் எண்ணம், எவரும் சொல்லிக்கொடாமலே அப்பிள்ளையின் நெஞ்சில் வேரூன்றிவிடுகிறது. மேடையில் நாம் எத்துணை நாழிகை முழங்கினும் அவ்வேரைப் பிடுங்க முடிவதில்லை. ஆகலின் இன்று முழக்கம் வேண்டா. கைத்தொழில் ஒன்றைக் கற்பிப்பதுபோல், தமிழில் தேடுவது எப்படி என்பதை மட்டும் பேசப் போகிறேன்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணையத்தில் தமிழ் இருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டில் வாழும் முனைவர் கு. கலியாணசுந்தரம் அவர்கள் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், கழக நூல்கள் தொட்டு நேற்றைய உரைநடை வரை தன்னார்வலர்களின் கைகளால் எழுத்தெழுத்தாகத் தட்டேற்றி வைத்துள்ளது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு விளங்கும் அரசு அமைப்பு பெரியதொரு மின்னூலகத்தை நடத்துகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் எவரும் தேடிப் பார்க்குமாறு இணையத்தில் ஏற்றியுள்ளனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பது நீங்கள் அறிந்ததே. அந்த ஈழத்தவர்தாம் 2005 முதல் 'நூலகம்' என்னும் பெயராலேயே ஒரு மின்னூலகம் அமைத்து, நாளிதழும் மலரும் துண்டறிக்கையும் கூட விடாமல் திரட்டிவருகின்றனர்.

இத்துணையும் இருந்தும் நமக்குக் கிட்டாதது ஏன்? பெரிய தேடுபொறிகள் நாம் பிழைபட எழுதினும் ஓரளவு உய்த்துணர்ந்து விடை தருகின்றன. ஆயினும் நூலகங்கள், அகரமுதலிகள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் வலைத்தளங்களில் உள்ள தேடற் கட்டங்கள் பெரும்பாலும், நாம் இட்ட எழுத்தை அங்குள்ள எழுத்தோடு அப்படியே ஒட்டவைத்துப் பார்ப்பவை. ஒட்டினால் 'உண்டு' என்னும். ஒட்டாவிடில் 'இல்லை' என்னும். பொருள் அறிந்து சொல்லும் 'இல்லை' அன்று அது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரிதும் உருமாறுவதில்லை. ஆதலின் இவ்வொட்டுவேலை அங்கு எளிதாக நடக்கிறது. தமிழ்ச்சொல்லோ உருபேற்கும், சாரியை பெறும், அடுத்த சொல்லோடு புணரும். இதனைக் குறையென்று பழிப்பார் உளர். நன்னூல் படித்தவனுக்கு இது குறையாகத் தோன்றாது; பூட்டின் அமைப்பை அறிந்தவனுக்குச் சாவி செய்வது அரிதா?

நம் ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணாக்கி ஒருத்தி நொய்யலைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. 'நொய்யல் ஆறு மாசு' என்று இட்டுத் தேடினாள். ஒரே செய்தி நான்கு இடங்களில் படியெடுத்துக் கிடந்ததே அன்றி வேறு வரவில்லை. "ஆறு என்னும் சொல்லை முதலில் நீக்கு" என்றேன். அச்சொல் நீர் ஓடும் ஆற்றையும் குறிக்கும், ஐந்துக்கு அடுத்த எண்ணையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். அது நிற்க, நெடிற்றொடர்க் குற்றியலுகரத்தில் டகர றகர மெய்கள் வேற்றுமையில் இரட்டிக்கும் என்பதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆறு என்பது உருபேற்றால் ஆற்றை, ஆற்றில், ஆற்றின் என்றாகும். கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் அவ்வாறுதான் எழுதியிருப்பர். 'ஆறு' என்று தேடுபவள்முன் 'ஆற்றில்' என்று எழுதியவன் எப்படி வந்து நிற்பான்? வீடு வீட்டை ஆவதும் இதே வகை. மரம், நிலம், சாயம் போன்ற மகர ஈற்றுச் சொற்களோ மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்று மரத்தை, நிலத்தில், சாயத்தால் என்று வரும். எனவே சொல்லின் மாறாத பகுதி எதுவோ அதனை மட்டும் இட வேண்டும். 'நிலம்' என்பதைவிட 'நில' என்பதும், 'சாயம்' என்பதைவிட 'சாய' என்பதும் சொற்பகுதியையும் ஒப்பிடும் தேடற் கட்டங்களில் மிகுதியாகக் கொண்டுவரும். முழுச்சொல்லை மட்டுமே ஒப்பிடும் கட்டமாயின், நிலம், நிலத்தில், நிலத்தின் என ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தலே வழி.

அடுத்து, 'மாசு' என்பது கட்டுரைச்சொல். இங்கு வாழ்வோர் வாயில் வழங்குவதும் நாளிதழ்களில் வருவதும் சாயக்கழிவு, சாயநீர், சாயப்பட்டறைக் கழிவு என்பன. அவள் 'நொய்யல் சாயக்கழிவு' என்று இட்டதும் வாயில் திறந்தது. ஒரத்துப்பாளையம் அணை வந்தது. வேளாண்மைக்கென்று கட்டிய அவ்வணையில் சாயநீர் தேங்கிக் கீழ்ப்பகுதி உழவர் வழக்காடியது வந்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும், 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றதும் வந்தன. அவ்வாண்டில் இவ்வூர்த் தொழிலாளர் பட்ட பாட்டை இங்கிருப்போர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வரலாறு தமிழில் எழுதப்பட்டே இருக்கிறது. ஒரத்துப்பாளையம் என்று ஒற்றிட்டும், ஒரத்துபாளையம் என்று ஒற்றில்லாமலும் எழுதியிருப்பார்கள். ஒற்றில்லாமல் எழுதுவது எனக்கு நெஞ்சில் முள் தைப்பதுபோல் இருக்கும். இருப்பினும் தேடும்போது இரண்டையும் இட்டே தேடினேன். சேர்த்தெழுதியும் பிரித்தெழுதியும் பாருங்கள்: சாயக்கழிவு, சாயக் கழிவு, சாய கழிவு.

அம்மாணாக்கி அத்தோடு விடவில்லை. "பழைய இலக்கியத்தில் நொய்யல் இருக்கிறதா ஐயா?" என்றாள். நல்ல வினா. நொய்யல் என்று பழைய நூல்களில் தேடினால் கிட்டாது. ஏனெனில் அவ்வாற்றுக்கு முன்னாளில் காஞ்சி என்பது பெயர். கச்சியப்ப முனிவர் இயற்றிய பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி என்று அதனைக் குறிக்கும். சரி, காஞ்சி என்று தேடுவோம் என்றால், காஞ்சிபுரம் முழுவதும் வந்து குவியும். காஞ்சித் திணையும் காஞ்சி மரமும் உடன் வரும். ஆகவே 'காஞ்சி' என்பதனோடு 'பேரூர்' என்றோ 'கொங்கு' என்றோ ஒரு துணைச்சொல்லைச் சேர்த்துக் கட்டினோம். ஒரு சொல்லால் பரக்கும் பொருளை மற்றொரு சொல்லால் குறுக்குவதே இதன் நுட்பம்.

ஊர்ப்பெயருக்கு உள்ள இத்தொல்லை ஆட்பெயருக்கு இன்னும் மிகுதி. நம் தனித்தமிழ் முன்னோரைத் தேடுவார் இதனைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். மறைமலையடிகளின் இயற்பெயர் வேதாசலம். 1916ஐ ஒட்டிய தனித்தமிழ் எழுச்சிக்கு முற்பட்ட அவர் எழுத்துகளைத் தேடுவார் 'வேதாசலம்' என்றும் தேட வேண்டும். அதிலும் மறைமலையடிகள், மறைமலை அடிகள் என இருவகை எழுத்து உண்டு. பரிதிமாற்கலைஞரின் நூல்கள் சூரியநாராயண சாஸ்திரி என்னும் பெயரில் அடுக்கப்பட்டிருக்கும். பாவாணரைத் தேவநேயப் பாவாணர் என்றும், ஞா. தேவநேயன் என்றும், தேவநேசன் என்றும் பதிந்திருப்பர். பெருஞ்சித்திரனார் துரை. மாணிக்கமாகவும் இருப்பார். நாம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டோம். நூலகப் பட்டியலோ பழைய அட்டையில் கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தது. அதன்மேல் சினந்து பயனில்லை.

இங்கு உங்களுள் சிலர்க்கு ஓர் ஐயம் எழலாம். "தூய தமிழ் பேசச் சொல்லும் நீரே பிறமொழிச் சொல்லை இட்டுத் தேடச் சொல்கிறீரே?" என்று. ஆம், சொல்கிறேன். தொலைந்த ஆட்டைத் தேடுபவன் ஆடு மேயும் காட்டுக்குள் போக வேண்டும். தனக்குப் பிடித்த தோட்டத்தைச் சுற்றிவந்தால் ஆடு கிட்டுமா? நான் அகரமுதலி என்றே எழுதுவேன். ஆயினும் வீரமாமுனிவர் 1732இல் ஆக்கியது சதுரகராதி. அதற்கு முற்பட்டவை நிகண்டுகள். சென்னைப் பல்கலைக்கழகம் வைத்த பெயர் அகராதி. அகரமுதலி என்று மட்டும் தேடுபவனுக்குப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டமும் அதன் பின்வந்தனவும் கிட்டும். அதற்கு முந்தைய இருநூறு ஆண்டு உழைப்பு கண்ணில் படாமலே போகும்.

இத்தொழில்நகரில் ஒரு சான்று காட்டுகிறேன். நாளிதழ் 'ஜவுளி' என்று எழுதும். நம்மவர் 'சவுளி' என்பர். தூய வழக்கில் துணி, நெசவு என்பர். தமிழ்நாட்டரசின் துறைப்பெயரிலோ 'துணிநூல்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நிற்கிறது. அரசாணையைத் தேடுபவர் 'துணிநூல்' என்று இடுக. சந்தைச் செய்தி தேடுபவர் 'ஜவுளி' என்றே இடுக. மருத்துவ உதவி தேடும் தொழிலாளர்க்கும் இதே கதைதான். ஒன்றையே காப்பீடு என்பர், காப்புறுதி என்பர், ஈட்டுறுதி என்பர். காப்புறுதி பெரிதும் ஈழத்து வழக்கு. அச்சொல்லை இட்டால் கொழும்புக் குழுமங்களின் விளம்பரம் வந்து நிற்கும். நம் ஊர் அரசு மருந்தகங்களில் 'தொழிலாளர் அரசு ஈட்டுறுதி' என்னும் பெயர் வழங்குகிறது; அதனைப் பார்த்து அப்படியே இடுங்கள். சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கும் பணத்தைப் பற்றி அறிய விரும்பினால் 'பி.எப். பணம்' என்று இடாதீர்கள். தரகர்களின் படக்காட்சிகள்தாம் வரிசையாக வரும். 'வருங்கால வைப்பு நிதி' என்று இட்டால் சட்டமும் படிவமும் அலுவலகமும் வரும். உழைத்து ஈட்டிய பணத்தைத் தரகனிடம் கொடுத்து ஏமாறுவதற்கும் ஏமாறாமைக்கும் இடையில் சிலவேளை இந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

இனி 'நூல்'. திருப்பூரில் நூல் என்றால் கோன்களில் சுற்றிவரும் இழை. என் போன்றார்க்குப் படிக்கும் ஏடு. பவணந்தி முனிவர் கொங்குநாட்டுச் சீனாபுரத்தவர் என்பர். அவர் நன்னூலில், இலக்கண நூலுக்கு அப்பெயர் வந்தமையை விளக்குமிடத்து, சொல்லைப் பஞ்சாகவும் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் வைத்து நூற்றலையே உவமையாகக் காட்டுகிறார். நூற்பாலைகள் நிறைந்த இம்மண்ணில் அவ்வுவமையை விளக்க எனக்கு ஒருநாளும் கரும்பலகை தேவைப்பட்டதில்லை. தேடுபொறிக்கு மட்டும் அது விளங்குவதில்லை. 'நூல் விலை' என்று இடும் பனியன் முதலாளிக்குப் பொத்தகக் கடைகளும் வரும்; திருக்குறள் தேடும் புலவருக்கு நாற்பதாம் எண் நூலின் விலையும் வரும். வணிகர் 'ஓசைரி நூல்' என்றோ 'நூற்பாலை' என்பதைச் சேர்த்தோ இடுக. வேண்டாத பொருளை விலக்கவும் வழி உண்டு. இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு இட்டு, அதனை ஒட்டி வேண்டாச் சொல்லை எழுதினால், கூகுள் போன்ற பொறிகள் அச்சொல் உள்ள பக்கங்களை ஒதுக்கிவிடும்: நூல் விலை -புத்தகம். பல சொற்கள் அதே வரிசையில் தொடர்ந்து வர வேண்டுமாயின் அவற்றை இரட்டை மேற்கோட் குறிக்குள் இடுக. பாட்டடி ஒன்று நினைவில் இருந்து நூற்பெயர் மறந்துபோனவர்க்கு இது பெருந்துணை. ஆயின் அடியில் புணர்ச்சி எவ்வாறு பிரிந்துள்ளதோ என்பதால், முழு அடியையும் இடாமல் நன்கு தெரிந்த இரு சீர்களை மட்டும் இடுவது நலம்.

பேரகராதியில் தேடுவார்க்கு ஒரு சிறு குறிப்பு. அங்கு வினைகள் 'தல்', 'த்தல்' ஈறு பெற்ற தொழிற்பெயராகவே தலைச்சொல்லாய் நிற்கின்றன. நெய்தான், நெய்கிறாள் என்று தேடற்க. நெய்தல் என்னும் வடிவில் காண்க. உடனே நெய்தல் நிலமும் உடன் வரும், அஞ்சற்க.

இப்போது கண்ணுக்குத் தெரியாத பிழைகளுக்கு வருகிறேன். ஆசிரியர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். கணிப்பொறி நம் எழுத்தை வடிவால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதில் ஔ என்பது ஒரே எழுத்து. அதற்குத் தனி எண். நம்மவர் பலர் ஒகரத்தை இட்டுப் பக்கத்தில் ளகரத்தை இட்டு 'ஒள' என்று தட்டிவிடுகின்றனர். தாளில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பொறிக்கோ முன்னது ஔவை, பின்னது ஒளவை; ஒளி, ஒளவு என்பதுபோல் அது படிக்கும். 'அவ்வை' என்று எழுதுவாரும் உளர். ஆக நம் மூதாட்டியைத் தேட மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. வௌவாலும் அவ்வாறே வெளவாலாகித் தொங்குகிறது. தமிழ் எண் ௧ என்பதும் ககரமும், ௭ என்பதும் எகரமும் உருவால் ஒத்தவை, எண்ணால் வேறானவை. இவற்றை மாற்றித் தட்டிய பக்கம் இணையத்தில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பானது.

பழைய பக்கங்கள் சில, ஒருங்குறி பரவுமுன் வழங்கிய வேறு குறியேற்றங்களில் கிடக்கின்றன. அவற்றை மாற்றினாலன்றித் தேடல் எட்டாது. படமாக மட்டும் எடுத்து வைத்த நூல்களின் நிலையும் அன்னதே. நூற்பெயர், ஆசிரியர் பெயர், ஆண்டு ஆகியவற்றால் அவற்றைக் காணலாம். உள்ளே உள்ள சொல்லைத் தேட இயலாது. படத்தைப் படித்து எழுத்தாக்கும் கருவிகள் இன்று நன்கு வளர்ந்துள்ளன. எனினும் 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான நூல்களில் லை, னை, ணா, றா முதலியன பழைய கொம்பும் சுழியுமாக இருக்கும். அங்கே கருவி தடுமாறிப் படிப்பதுண்டு. அந்நூல்களில் அவ்வெழுத்துகள் இல்லாத சொல்லாகத் தேர்ந்து தேடினால் பிழைத்துக்கொள்ளலாம். பெரியார் 1935 முதலே 'குடிஅரசு' இதழில் புதிய வடிவைக் கையாண்டதால் அவர் இதழ்களில் இத்தொல்லை குறைவு. ஆனால் அங்கு ஐயா 'அய்யா'வாக இருப்பார் என்பதை மறவாதீர்.

நம் பங்குக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நம் கூட்ட அழைப்பிதழ், கட்டுரை, பாட்டு அனைத்தையும் வண்ணப் படமாக்கி வாட்சப்பில் அனுப்பிவிட்டு, தமிழ் பரப்பிவிட்டதாக மகிழ்கிறோம். படத்துக்குள் அடைபட்ட அச்சொற்களை நாளை எந்த மாணாக்கன் தேடி எடுப்பான்? எழுத்தாகவும் ஒரு படி இடுங்கள். கட்டுரையில் கணிப்பொறி என்று எழுதினால், ஓரிடத்தில் கணினி என்பதையும் எழுதுங்கள். புதிய கலைச்சொல்லைப் படைத்தால், மக்கள் இன்று வழங்கும் சொல்லையும் ஒருமுறை பக்கத்தில் வையுங்கள். பழைய சொல்லை இட்டுத் தேடிவருபவன் நம் பக்கத்தை அடைந்தால்தானே புதிய சொல்லைக் கற்பான்! கோப்புக்குப் பெயரிடும்போது 'புதியது 2', 'கடைசி' என்றெல்லாம் இடாமல் பொருளும் ஆண்டும் விளங்கப் பெயரிடுங்கள்.

பேசித் தேடும் வசதி வந்துவிட்டதே, இத்துணை எழுத்துக் கவலை ஏன் என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் கேட்கிறார். வந்துவிட்டது, நன்று. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்க்கு அது பெரும்பேறு. ஆனால் வாழை, வாளை, வாலை என்னும் மூன்றையும் ஒரே ஒலியில் சொன்னால் பொறி என்ன செய்யும்? பழம் கேட்டவருக்கு மீன் வரும். லகர ளகர ழகரத்தை நாவில் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்க்கே அக்கருவி நன்கு பயன்படும். அப்பயிற்சி ஐந்தாம் வகுப்பில் தொடங்கியிருக்க வேண்டும். விட்டிருந்தால் இப்போது தொடங்கினாலும் குற்றமில்லை.

இனி நான் பேசுவதைவிட நீங்கள் செய்து பார்ப்பதே நன்று. கைப்பேசிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றுங்கள். முதலில் ஔவையாரைத் தேடுவோம். ஔகாரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் கை தூக்குங்கள்.